நாகப்படி அரிசி

உட்கார், தங்கையா. வெறும் தேயிலைத் தண்ணீர்தான். இந்த மலையில் அதற்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. சர்க்கரைக்குப் பதிலாக ஒரு கல் உப்பு போட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருஷமும் இப்படியே குடித்துப் பழகிவிட்டேன். இப்போது சர்க்கரை கிடைத்தாலும் நாக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

நேற்று மாரியம்மன் கோயில் வாசலில், லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ என் காலில் விழுந்தாய். ஜப்பான்காரனுக்காகச் சயாமில் ரயில் ரோடு போட்டுவிட்டு எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தவன், வந்ததும் செய்த முதல் காரியம் அதுதான். "எஞ் சரோஜாவக் காப்பாத்த மூணு நாளு கண்ணு மூடாம கெடந்தீங்களாமே மச்சான், எங்கம்மா சொன்னாங்க. இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்" என்று அழுதாய். உன்னைத் தூக்கி நிறுத்தினேன். காலையில் வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் பேசுகிற விஷயம் இல்லை அது.

மூன்று நாள் நான் கண் மூடாமல் இருந்தது நிஜம். உன் அம்மா மணியம்மா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் காலையிலேயே வரச் சொன்னேன். இடையில் எழுந்து போகாமல் கேள்.

என் தொழில் உனக்குத் தெரியும். மாடசாமி என்று பேர் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. பாம்புக்காரர் என்றால் தானா ராத்தா டவுன் வரைக்கும் தெரியும். ஆனால் நான் பாம்பு அடிக்கிறவன் இல்லை. இந்த நாற்பத்தாறு வயதில் ஒரு பாம்பைக்கூடக் கொன்றதில்லை. கவட்டைக் கம்பால் கழுத்தை அமுக்கிப் பிடித்து, கோணிக்குள் விட்டு, வாயைக் கட்டி, பெர்த்தாம் ஆற்று மூங்கில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். ஆறு தாண்டிய பாம்பு திரும்பி வராது என்பது எங்கள் அப்பா சொன்னது. வாயில்லா ஜீவன், வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டது, அதற்காக அடித்துக் கொல்வார்களா? அதை எடுத்து வேறு இடத்தில் சேர்ப்பதுதான் என் வேலை. அதில் பாவம் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரத் துரை இருந்தபோது பங்களாவுக்கு மாதம் இரண்டு தரமாவது கூப்பிடுவார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகும் கூப்பிட்டார்கள். இடுப்பில் முழ நீள வாள் வைத்திருந்த அதிகாரி ஒருவன், ஒரு சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றதை நானே பார்த்தேன். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது சும்மா இல்லை. சரோஜாவிடம் அதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ போதும்ண்ணே, உள்ள இருக்கறதும் சேந்து சிரிக்குது" என்றாள். நல்ல சிரிப்பு அவளுக்கு.

என் இடது கையைப் பார். இந்த இரண்டு விரலும் மடங்காது. பதினெட்டு வயதில் ஒரு கருநாகம் செய்த வேலை. இந்த விரல்களால்தான் நான் சயாமுக்குப் போகாமல் தப்பினேன். அந்த ஆடி மாதம் உங்களையெல்லாம் லோரியில் ஏற்றியபோது, சிப்பாய் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்வெட்டி பிடிக்க லாயக்கில்லை என்று ஓரமாகத் தள்ளினான். நீ லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். "மச்சான், சரோஜா மூணு மாசமா முழுகாம இருக்கா. அவளப் பாத்துக்குங்க, மச்சான்." நான் தலையாட்டினேன். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடப் போய்த்தானே நீ என்னை மச்சான் ஆக்கினாய். சொந்தத் தங்கை இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு செய்திருப்பேனா என்று தெரியாது.

தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். கூரையில் ஒழுகிய இடத்தில் தகரம் வைத்து அடித்தேன். ஏழாம் மாதம் வளையல் போடக் கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? பிரம்பைச் சீவித் தணலில் வாட்டி வளைத்து, ஐந்து வளையல் செய்தேன். அண்ணன் முறைக்கு நானே அவள் கையில் போட்டேன். லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். பசியோடு போட்ட குலவை. நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்காது. உன்னிடம் தலையாட்டியதை நான் மறக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது என் மகள் செல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீ போகும்போது அவளுக்கு ஆறு வயது. தாயில்லாப் பிள்ளை. என் வீட்டுக்காரி காய்ச்சலில் போனதிலிருந்து நான்தான் அவளுக்குத் தலை வாரி, பேன் பார்த்து எல்லாம். நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே லயத்தில் அரிசி நின்றுவிட்டது. கடையில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அரிசி கிடையாது. எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்குதான். நாங்கள் தின்று சமாளித்தோம். செல்லத்துக்கு மட்டும் அது வயிற்றில் தங்கவில்லை. அவித்துக் கொடுத்தாலும், மாவாக்கிக் கொடுத்தாலும், கால் மணி நேரத்தில் வாந்தி. அரிசிக் கஞ்சி ஒன்றுதான் உள்ளே நின்றது. "எனக்குப் பசிக்கல்லப்பா, நீங்க சாப்பிடுங்க" என்பாள். பசியை மறைக்கிற வயதா அது? இரவில் அவள் முதுகைத் தடவினால் விலா எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்படும். தேயிலைக் காட்டில் களை பிடுங்கும்போதும், படுக்கும்போதும், அரிசி என்ற ஒரே நினைப்புதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, பெற்ற பிள்ளையின் பசிக்கு அந்தப் பத்தோடு இன்னும் பலதும் பறக்கும்.

தோட்டத்தில் அப்போது அரிசி இருந்தது ஒரே வகை வீட்டில்தான். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில். வாரத்துக்கு இரண்டு பால்டின் அரிசி அவளுக்கு மட்டும் உண்டு என்று ஜப்பான்காரன் ஒரு சட்டம் வைத்திருந்தான். நாளைக்கு அவனுக்கும் கூலிகள் வேண்டுமே. பிறத்தியார் வாயில் அது போனால் அரிசி அடியோடு நின்றுவிடும் என்று தோட்டக் கணக்கு பார்க்கிற கிராணி வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையேந்துகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது.

ஆனால் நாகப்படி என்று ஒன்று இருந்ததே, உனக்கு நினைவிருக்கும். பிள்ளைத்தாச்சி வீட்டில் பாம்பு வந்தால் அடிக்கக் கூடாது. அவளும் அடிக்கக் கூடாது, அவள் வீட்டில் வேறு யாரும் கூடாது. அடித்தால் பிறக்கிற பிள்ளை நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும் என்று பயம். பாம்புக்காரனைக் கூப்பிட்டு உயிரோடு கொண்டுபோகச் சொல்லி, அவள் தன் கையாலேயே ஒரு படி அரிசியில் மஞ்சள் தூவி அவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் கேட்கக் கூடாது, அவள் மறுக்கக் கூடாது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் படி ஒரு பால்டின்னாகச் சுருங்கியது. பெயர் மட்டும் படிதான். கிராணியும் பிள்ளைகுட்டிக்காரர், அதில் தலையிடவில்லை. கடைசி வீட்டு ஆரோக்கியம்மாள் வேதக்காரி. அவளே ஒருநாள் என்னிடம், "மாதா காலடியிலயே பாம்பு கெடக்குதுல்லண்ணே. அவுங்க பாத்துக்குவாங்க. இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்தா நீங்களே வந்து புடிச்சிட்டுப் போயிருங்க, அடிக்க மட்டும் வேணாம்லா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

மற்ற வீடுகளில் என்னைக் கூப்பிடுவதே நின்றுபோயிருந்தது. பாம்பைக் கண்டால் அடித்தார்கள். மலைப்பாம்பாக இருந்தால் குழம்பு வைத்தார்கள். ஆகவே பாம்புக்கு மரியாதை மிச்சமிருந்ததும் அரிசி மிச்சமிருந்ததும் அதே வீடுகளில்தான்.

முதல் தரம் நடந்தது தானாக நடந்தது. புரட்டாசியில் அற்புதம்மாள் வீட்டு அரிக்கன் விளக்கு மாட்டுகிற ஆணியில் ஒரு பச்சை விரியன் சுற்றிக்கொண்டு கிடந்தது. வால் நுனி அறுந்த பாம்பு. பிடித்துக் கோணியில் போட்டேன். அவள் மஞ்சள் அரிசியைத் துணியில் கொட்டினாள். அன்று செல்லம் கஞ்சி குடித்தாள். வாந்தி இல்லை. தட்டை நக்கிவிட்டு என் மடியில் படுத்து, பழைய மாதிரிக் கதை சொல்லச் சொன்னாள். ஒரு பால்டின் அரிசி ஐந்து நாள் வந்தது.

அந்தப் பாம்பை நான் ஆறு தாண்டிக் கொண்டுபோகவில்லை. மழை, ஆறு பெருகிக் கிடந்தது, பாலத்தில் ஒரு மூங்கில் விலகியிருந்தது. வெள்ளம் வடியட்டும் என்று ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு, பாம்பை உள்ளே விட்டு, தேயிலைச் செடிக்கு அடியில் மறைத்து வைத்தேன். தவளை பிடித்துப் போட்டேன். அது பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா.

வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிட்டது. ஆறாம் நாள் செல்லம் மறுபடியும் வாந்தி எடுத்தாள்.

பச்சை விரியனைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது குளிர்ப் பாம்பு. வைத்த இடத்தில் நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். மிதித்தாலோ கை வைத்தாலோ தவிர, தானாக வந்து கடிக்காது. என்னையே இரண்டு தரம் கடித்திருக்கிறது. வீங்கும், வலிக்கும், பத்து நாளில் வடிந்துவிடும். பச்சை கடித்து ஆள் செத்ததாக இந்த மலையில் நான் கேள்விப்பட்டதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். கருநாகம் கிடைத்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

அடுத்து தங்கம்மா வீடு. எல்லாரும் வேலைக்குப் போன நேரம், அவள் வீட்டுச் சன்னல் கட்டையில், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். மத்தியானம் கூப்பிட்டார்கள். போனேன், பிடித்தேன். தங்கம்மா நடுங்கிக்கொண்டே அரிசி கொடுத்தாள். "நல்ல வேளைண்ணே, நீங்க இருக்கீங்க" என்றாள். அதற்கப்புறம் மேல் லயத்தில் ஒரு வீடு. அதே பாம்புதான். அங்கேயும் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வழக்கத்தில் உள்ள அளவுக்கு மேல் ஒரு மணி அரிசி நான் வாங்கவில்லை. பாம்பை ஓரிடத்தில் இருந்து எடுத்து இன்னோரிடத்தில் விட்டேன். என் தொழிலும் அதுதானே.

செல்லம் தேறினாள். அரிசி தீர்ந்துபோன நாட்களில்கூட அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. முன்னே கொடுத்த கஞ்சியின் பலம் உடம்பில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலைக்குப் போகும்போது அவளை உன் வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் சரோஜா அவளுக்கு இரட்டைச் சடை போட்டு உட்கார வைத்திருப்பாள்.

மார்கழியில் குளிர் கடித்தது. செல்லத்துக்கு இருமல். அரிசி இல்லை. மிச்சம் இருந்தது இரண்டே வீடு: ஆரோக்கியம்மாள் வீடும் உன் வீடும். ஒரே வீட்டில் இரண்டு தரம் பாம்பு வந்தால் சந்தேகம் வரும், அதனால் பழைய வீடுகளுக்குப் போக முடியாது. உன் வீட்டை நான் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன், தங்கையா. அதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியம்மாளுக்கு அதுதான் தலைப்பிள்ளை, பல்லியைக் கண்டாலே மயங்கி விழுகிற பெண், வீட்டில் தனி. சரோஜாவுக்கு எட்டு மாதம் என்றாலும் திடமான உடம்பு. கூட உன் அம்மா இருக்கிறாள். யாருக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

அன்று செல்லத்தை உன் வீட்டில் விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் என்னோடு இருக்கட்டும் என்று சொன்னேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளை, கண்ட இடத்தில் கை வைக்கும், அதற்காக.

சாயங்காலம் உன் அம்மா தண்ணீருக்குப் போனாள். சரோஜா முன்வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத் தாழ்வாரத்தில் விறகு அடுக்கியிருந்தது. காய்ந்த விறகு, அதன்மேல் பச்சைப் பாம்பு பளிச்சென்று தெரியும். உச்சியில் வைத்துவிட்டு வந்தேன். முன்வாசல் வழியாகத்தான் வந்தேன். "காச்சல் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து செல்லத்தை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா மேட்டுப் பாதையில் வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். தலையில், கவாத்து வெட்டிய தேயிலைக் கொப்புகள் ஒரு கட்டு. இலையோடு, பச்சைப் பசேல் என்று. காய வைப்பதற்காக நேரே பின்பக்கம் போய் விறகின்மேல் தூக்கிப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பச்சைக்கு மேல் பச்சை. இனி கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். இருபது அடி தூரம். ஆனால் போய் என்ன சொல்வது? விறகில் பாம்பு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மணியம்மா கேட்டால்? ராத்திரி அடுப்புக்கு வேண்டிய விறகு உள்ளே எடுத்து வைத்தாயிற்று, இனி இன்றைக்கு யாரும் விறகு எடுக்கப் போவதில்லை, காலையில் வெளிச்சத்தோடு போய் ஏதாவது காரணம் சொல்லிக் கொப்புகளை நகர்த்திவிடலாம் என்று நினைத்தேன். செல்லமும் அப்போதுதான் கண் அசந்திருந்தாள். எழுந்தால் இருமுவாள்.

காலையில் வெளிச்சம் வருவதற்கு முன்பே உன் அம்மாவின் அலறல் கேட்டது.

சரோஜாவை மணிக்கட்டில் கடித்திருந்தது. வழக்கமாக ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவள், அன்றைக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் எழுந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. எதிர்பார்க்காததுதான் நடந்தது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். வேண்டாம், அசைத்தால் விஷம் ஏறும் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் அங்கே போனால் பாம்பு எப்படி வந்தது, இதற்கு முன் எந்தெந்த வீட்டில் வந்தது என்றெல்லாம் கேள்வி வரும் என்பதும் என் மனதில் இருந்தது. இரண்டும் இருந்தது. எது முன்னால் நின்றது என்று என்னைக் கேட்காதே.

எனக்குத் தெரிந்த பச்சிலை எல்லாம் அரைத்துப் பற்றுப் போட்டேன். கை தோள்வரை வீங்கியது. பிரம்பு வளையல்கள் சதைக்குள் புதைந்துபோயின. நான் போட்ட வளையல்களை நானே கத்தியால் நறுக்கி எடுத்தேன். பத்து நாளில் வடிந்துவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். நல்ல சோறு தின்ற உடம்புக்கு அது சரி. பட்டினி உடம்பில், அதுவும் வயிற்றில் பிள்ளையோடு, அந்த விஷம் என்ன செய்யும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. இரண்டாம் நாள் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூச்சு இல்லை. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை.

நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஈரத்துணி மாற்றினேன், கால் தேய்த்தேன். உன் பெயரை இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "செல்லம் சாப்பிட்டாளாண்ணே?" என்றாள். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "சாப்பிட்டாம்மா" என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை.

அழு, தங்கையா. நானும் அழுதேன். அது வேஷம் இல்லை.

எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, உன் அம்மா ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தாள். மஞ்சள் தூவிய அரிசி. அவள் வீட்டில் மிச்சமிருந்தது முழுக்க. "வாங்கிக்கப்பா. பாம்பு புடிச்ச வீட்டுல நாகப்படி குடுக்காம இருக்கக் கூடாது. இனிமே இத யாரு திங்கப் போறா" என்றாள். பிறகு சொன்னாள்: "ஒன் மகளுக்குத்தான் அவ உசுரு. இத்தன நாளும் மத்தியானத்துல தன் கஞ்சியில பாதி அதுக்குத்தான் ஊத்துவா. கிராணி காதுக்குப் போனா அரிசி நின்னுரும்னு ஒங்கிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு அந்தப் புள்ளகிட்டச் சத்தியம் வாங்கிட்டா. காச்சல்னு நீ சொன்னியா, ராத்திரியெல்லாம் தூங்கல. விடியறதுக்குள்ள கஞ்சி வெச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துர்றேன்னு கருக்கல்லயே வெறகு எடுக்கப் போனா."

நான் அரிசியை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் மனம் புண்பட்டிருக்கும். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

அந்த அரிசி எட்டு நாள் வந்தது. அதோடு சரி. உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைத்தாச்சி அரிசி நின்றுவிட்டது. ஆரோக்கியம்மாள் பிரசவத்துக்குக் கம்போங் ராஜாவில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் பெற்றெடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் சயாமில். புதிதாகப் பிள்ளைத்தாச்சி எங்கிருந்து வருவாள்? செல்லம் தினமும் மத்தியானம் உன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பாள். "சரோஜா அத்த எப்பப்பா வருவாங்க?" என்பாள். உன் அம்மா தன் கிழங்கில் பாதியை ஊட்டிப் பார்த்தாள். தங்கவில்லை. மாசி மாதம், ஒரு காலைப்பொழுதில், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சடை பின்னி முடித்தேன். மற்றச் சடைக்கு முடியைப் பிரிக்கும்போது தலை என் மேல் சாய்ந்தது. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சரோஜாவுக்குப் பக்கத்திலேயே அவளைப் புதைத்தோம். நீ பார்த்திருப்பாய்.

பாம்பைப் பற்றி நீ கேட்கவில்லை. அந்த வால் அறுந்த பச்சையை அன்றே விறகில் இருந்து பிடித்துவிட்டேன். லயத்தில் எல்லாரும் அடித்துக் கொல்லச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அது என்ன செய்தது, பாவம். இந்தத் தரம் ஒழுங்காக ஆறு தாண்டிக் கொண்டுபோய்விட்டேன். திரும்பி வரவில்லை.

டம்ளரைக் கீழே வை. கிராணியிடம் சொல்வதானாலும் சரி, போலீசுக்குப் போவதானாலும் சரி, அந்த மூலையில் இருக்கிற கத்தியை எடுப்பதானாலும் சரி, நான் தடுக்கப் போவதில்லை. உன் வீட்டு விறகில் அந்தப் பாம்பை வைத்தது நான்தான். கொப்பு விழுந்ததைப் பார்த்தும் எழுந்து வராதவனும் நான்தான். ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வருத்தம்தான் என்னை அரிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதோ வெளியே ஒரு பிள்ளை கத்திக்கொண்டு ஓடுகிறதே, கேட்கிறதா? ஆரோக்கியம்மாள் மகன். இரண்டு வயது ஆகப் போகிறது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான். சரோஜா என் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுகிறாள் என்று ஒரு வாய் வார்த்தை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் உன் வீட்டுப் பக்கமே நான் போயிருக்க மாட்டேன், தங்கையா. நம் இரண்டு பேர் வீட்டிலும் இன்றைக்கு விளக்கு எரிந்திருக்கும். அந்தப் பாம்பை நான் ஆரோக்கியம்மாள் வீட்டில் விட்டிருப்பேன்.